கரோல் கிங்கின் ‘டாபெஸ்ட்ரி’யில் அப்படி என்ன இருக்கிறது?

கேள்வி இதுதான்: “1971இல் வந்த, அமெரிக்கப் பாடகி கரோல் கிங்கின் ‘டாபெஸ்ட்ரி’ ஆல்பத்தைப் பாப் ராக் இசையின் உச்சங்களில் ஒன்று என்கிறார்கள். முழுசாகக் கேட்டுப் பார்த்தேன். பியானோ, கொஞ்சம் கிதார், ஒரு சாதாரணக் குரல். பாட்டுகள் இனிமையாகத்தான் இருக்கின்றன. ஆனால் இத்தனை புகழ் எதற்கு? அதை எப்படிக் கேட்க வேண்டும்?”

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் காதில் கோளாறு எதுவும் இல்லை. கரோல் கிங்கின் குரல் பெரிய குரல் கிடையாது. மேலே போகப் போக மெலியும், சில இடங்களில் லேசாகக் கரகரக்கும், நீண்ட கார்வைகளில் நடுங்கும். அது அவருக்கும் தெரியும், ஆல்பத்தைத் தயாரித்த லூ ஆட்லருக்கும் தெரியும். தெரிந்தேதான் அந்தக் குரலை நடுவில் வைத்துவிட்டு, அதைச் சுற்றி இருந்த மற்ற எல்லாவற்றையும் குறைத்தார்கள். ஏன் அப்படிச் செய்தார்கள் என்பது புரிய வேண்டுமானால், டெமோ என்ற சங்கதியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஒரு பாட்டை எழுதி முடித்ததும், அதைப் பாடப்போகிறவருக்கும் தயாரிப்பாளருக்கும் கேட்கக் கொடுப்பதற்காகச் செய்யும் மாதிரிப் பதிவுதான் டெமோ. பெரும்பாலும் எழுதியவரே பியானோவில் உட்கார்ந்து பாடிவிடுவார். பொதுமக்கள் காதுக்கு அது போகாது. 1960களில் நியூயார்க்கின் பாப் பாட்டுத் தொழில் இந்த டெமோக்களில்தான் ஓடியது. மெட்டு ஒருவர், வரிகள் ஒருவர், பாடுவது வேறொருவர். நம் சினிமாப் பாட்டு எப்படி உருவாகிறதோ கிட்டத்தட்ட அதே ஏற்பாடு. கரோல் கிங் பத்து வருஷம் அந்தத் தொழிலில் இருந்தவர். ‘டாபெஸ்ட்ரி’ வெளியானபோது அவர் புதுமுகம் என்று நினைத்தவர்கள் நிறைய. ஆனால் அவர் மெட்டமைத்த பாட்டுகளை அமெரிக்கா முழுக்க ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

அந்தப் பத்து வருஷத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்த ஆல்பத்தின் பாதி அர்த்தம் அங்கேதான் இருக்கிறது.

அவர் 1942 பிப்ரவரி 9 அன்று பிறந்தவர். இயற்பெயர் கரோல் ஜோன் க்ளைன். வளர்ந்தது புரூக்ளினில். அப்பா தீயணைப்பு வீரர், அம்மா ஆசிரியை. குயின்ஸ் கல்லூரியில் படிக்கும்போது ஜெரி காஃபினைச் சந்தித்தார். காஃபினுக்கு வரிகள் வரும், இவருக்கு மெட்டு வரும். 1959இல் கல்யாணம் நடந்தபோது அவருக்கு வயது 17. அடுத்த ஆண்டே முதல் குழந்தை. இருவரும் டான் கிர்ஷ்னர், அல் நெவின்ஸ் நடத்திய ஆல்டன் மியூசிக் நிறுவனத்தில் சேர்ந்தார்கள். 1650 பிராட்வே என்ற கட்டடத்தில் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பியானோ. பக்கத்து அறையில் பாரி மேன், சிந்தியா வைல் தம்பதி எழுதுவது சுவர் வழியே கேட்கும். இவர்கள் வாசிப்பது அவர்களுக்குக் கேட்கும். போட்டியும் இருந்தது, நட்பும் இருந்தது.

1960இல் ஷிரெல்ஸ் என்ற கறுப்பினப் பெண்கள் குழுவுக்காகக் கரோலும் காஃபினும் எழுதிய பாட்டு ‘வில் யூ லவ் மீ டுமாரோ’. அந்தப் பாட்டில் வரும் வயலின் பகுதிகளையும் கரோலே எழுதினார். 1961 ஜனவரியில் அது பில்போர்ட் என்ற அமெரிக்க இசைப் பத்திரிகையின் ஹாட் 100 பாட்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. கறுப்பினப் பெண்கள் குழு ஒன்று ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பெற்றது அதுதான் முதல் தடவை. அப்போது கரோலுக்கு வயது 18, வீட்டில் ஒரு வயதுகூட ஆகாத குழந்தை. ஆய்வகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த காஃபின், இந்த வெற்றிக்குப் பிறகுதான் வேலையை விட்டுவிட்டு முழுநேரப் பாடலாசிரியர் ஆனார்.

அதன் பிறகு வரிசையாக வந்தன. பாபி வீ பாடிய ‘டேக் குட் கேர் ஆஃப் மை பேபி’, டிரிஃப்டர்ஸ் பாடிய ‘அப் ஆன் தி ரூஃப்’, ஷிஃபான்ஸ் பாடிய ‘ஒன் ஃபைன் டே’, மங்கீஸ் பாடிய ‘பிளெசன்ட் வேலி சண்டே’ எல்லாம் இவர்கள் எழுதியவை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த ஈவா பாய்டைப் பாட வைத்துப் பதிவு செய்ததுதான் ‘தி லோகோ-மோஷன்’. லிட்டில் ஈவா என்ற பெயரில் அது 1962இல் முதலிடத்துக்குப் போனது. பீட்டில்ஸின் முதல் ஆல்பத்தில் இருக்கும் ‘செயின்ஸ்’கூட இந்தத் தம்பதியுடையதுதான்.

இதற்கு நடுவே நடந்த ஒரு சம்பவத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். 1962இல் பாபி வீக்காக ஒரு டெமோ செய்தார் கரோல். ‘இட் மைட் அஸ் வெல் ரெய்ன் அன்டில் செப்டம்பர்’ என்ற பாட்டு. அந்த டெமோ நன்றாக இருந்ததால் அவர் பெயரிலேயே வெளியிட்டார்கள். அமெரிக்காவில் 22ஆம் இடம், பிரிட்டனில் 3ஆம் இடம். மாதிரிக்காகப் பாடிய குரலுக்கே கேட்பவர்களைப் பிடித்து வைக்கும் சக்தி இருந்தது. ஆனாலும் அவர் மறுபடி எழுதும் மேஜைக்கே திரும்பிவிட்டார். பாடுவது தன் வேலை என்று அவர் நினைக்கவில்லை.

ஆல்டன் நிறுவனத்தின் மேற்குக் கடற்கரை அலுவலகத்தை அந்த நாட்களில் கவனித்துக்கொண்டவர் லூ ஆட்லர். கரோலின் டெமோக்களைப் பாடகர்களிடமும் தயாரிப்பாளர்களிடமும் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டுவது அவர் வேலை. கொடுத்த டெமோ திரும்பி வராது, வாங்கியவர்கள் பிடித்துப்போய்த் தாங்களே வைத்துக்கொள்வார்கள் என்று அவர் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ‘டாபெஸ்ட்ரி’யின் ஒலி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், என் பதில் இதுதான். பத்து வருஷமாகத் தொழிலுக்குள் இருந்தவர்கள் மட்டும் ரகசியமாக ரசித்த ஒன்றை ஆட்லர் எல்லாருக்கும் கேட்கக் கொடுத்தார். கரோல் பியானோவில் உட்கார்ந்து உங்களுக்கே பாடுவதுபோல இருக்க வேண்டும் என்பதுதான் அவர் வைத்துக்கொண்ட இலக்கு.

ஆனால் அதற்கு முன்னால் நிறைய உடைய வேண்டியிருந்தது. பீட்டில்ஸும் பாப் டிலனும் வந்த பிறகு, பாடுகிறவரே எழுத வேண்டும் என்ற எதிர்பார்ப்பு பரவி, நியூயார்க்கின் பாட்டுத் தொழிற்சாலைகளுக்கு வேலை குறைந்தது. காஃபினுடனான திருமணமும் 1968இல் முடிந்தது. கரோல் இரண்டு பெண் குழந்தைகளுடன் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்து, லாரல் கேன்யனில் வீடு பார்த்துக்கொண்டார். அங்கே பேஸ் கிதார் வாசிக்கும் சார்ல்ஸ் லார்க்கி, கிதார் வாசிக்கும் டேனி கார்ச்மார் இருவரோடும் சேர்ந்து ‘தி சிட்டி’ என்ற குழுவைத் தொடங்கினார். ஆட்லர் தயாரிப்பில் ஒரே ஒரு ஆல்பம். அது ஓடவில்லை. மேடை ஏறப் பயந்த கரோல் சுற்றுப்பயணம் போக மறுத்ததும் அதற்கு ஒரு காரணம். லார்க்கியை அவர் பின்னர் மணந்துகொண்டார். 1970இல் ‘ரைட்டர்’ என்ற தனி ஆல்பம் வந்தது. நல்ல ஆல்பம், ஆனால் அப்போது யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

மேடைப் பயத்தைக் கரைத்தவர், கிதாரோடு பாடும் பாடகர் ஜேம்ஸ் டெய்லர். அவருக்குப் பின்னால் பியானோ வாசிக்கப் போன கரோலை, நீங்களே ஒரு பாட்டுப் பாடுங்கள் என்று முன்னால் தள்ளிவிட்டவர் அவர்தான். 1970 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸின் ட்ரூபடூர் அரங்கில் டெய்லருக்கு முன்னதாகக் கரோல் தனியாகப் பாடினார். அங்கே அவர் பாடிய புதுப் பாட்டு ஒன்றைக் கேட்டு டெய்லர் அசந்துபோனார். அந்தப் பாட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இன்னொரு மாற்றமும் நடந்திருந்தது. விமர்சனங்களில் இதை அவ்வளவாகப் பேசுவதில்லை, எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. பத்து வருஷமாக வரிகள் காஃபினுடைய வேலை. ஓர் இளம்பெண்ணின் மனசை எழுதியதுகூட காஃபின்தான். இப்போது கரோலே வார்த்தைக்கும் பொறுப்பேற்க வேண்டி வந்தது. ‘டாபெஸ்ட்ரி’யில் உள்ள 12 பாட்டுகளில் 7 பாட்டுகளுக்கு வரியும் மெட்டும் அவரே. இரண்டுக்கு டோனி ஸ்டெர்ன் என்ற கலிஃபோர்னியப் பெண் வரிகள் எழுதினார். மீதி மூன்றும் காஃபினோடு எழுதியவை. கரோல் எழுதிய வரிகளில் காஃபினின் சாமர்த்தியம் இருக்காது. சொல் விளையாட்டு குறைவு. மனசில் இருப்பதை நேராகச் சொல்லும் வரிகள். அந்த எளிமையை மெட்டு தாங்குகிறது. மெட்டு எளிமையாக இல்லை என்பதைக் கவனித்தால்தான் இந்த ஏற்பாடு புரியும்.

பதிவு நடந்தது 1971 ஜனவரியில், ஹாலிவுட் லா பிரேயா அவென்யூவில் இருந்த ஏ அண்ட் எம் ஸ்டூடியோவில். ஒருகாலத்தில் சார்லி சாப்ளினின் படப்பிடிப்புத் தளமாக இருந்த இடம் அது. ஒலிப்பதிவுப் பொறியாளர் ஹாங்க் சிக்காலோ. கரோலுக்கு ஸ்டூடியோ பி ஒதுக்கப்பட்டிருந்தது. அதே நாட்களில் அதே வளாகத்தில் பாடகி ஜோனி மிட்செல் தன் ‘ப்ளூ’ ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தார். ஸ்டூடியோ சியில் இருந்த செந்நிற மரத்தாலான ஸ்டைன்வே பியானோவின் மீது எல்லாருக்கும் கண். ஜோனி இல்லாத ஓர் இடைவெளியில் கரோலின் ஆட்கள் அங்கே ஓடிப்போய் அவசரமாகப் பதிவு செய்ததுதான் முதல் பாட்டான ‘ஐ ஃபீல் தி எர்த் மூவ்’. அந்தப் பாட்டில் பியானோ ஓர் அடித் தாளக்கருவி மாதிரி இடிப்பதைக் கேளுங்கள். மொத்த வேலையும் ஏறக்குறைய மூன்று வாரத்தில் முடிந்தது. பிப்ரவரி 10 அன்று, கரோலின் 29ஆம் பிறந்தநாளுக்கு மறுநாள், ஆட்லரின் ஓட் ரெக்கார்ட்ஸ் அதை வெளியிட்டது.

இனி பாட்டுகள். எல்லாவற்றையும் ஒரே அளவில் பேசப்போவதில்லை, எல்லாம் ஒரே தரம் என்று நான் நினைக்கவில்லை.

‘வில் யூ லவ் மீ டுமாரோ’விலிருந்து ஆரம்பியுங்கள். ஆல்பத்தில் அது ஒன்பதாவதாக வருகிறது, ஆனாலும் முதலில் அதைக் கேளுங்கள். அதற்கும் முன்னால் ஷிரெல்ஸின் பதிவைக் கேளுங்கள். அங்கே தாளம் துள்ளும், வயலின்கள் சுழலும். இன்றிரவு என்னோடு இருக்கிறாய், விடிந்த பிறகும் என்னை விரும்புவாயா என்று கேட்கிற பெண்ணுக்கு, ஆமாம் என்ற பதில் வரும் என்ற நம்பிக்கை இருக்கும். அடுத்து கரோலின் பதிவைப் போடுங்கள். வேகம் பாதிக்குப் பாதி குறைந்த மாதிரி இருக்கும். அதே வரிகள், அதே மெட்டு. ஆனால் கேட்கிறவள் இப்போது கல்யாணம் முடிந்து, பிரிந்து, மறுபடி ஒரு வாழ்க்கையைத் தொடங்கியவள். பதில் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம் என்று தெரிந்தே கேட்கிறாள். பின்னால் ஜேம்ஸ் டெய்லரும் ஜோனி மிட்செலும் மெல்லச் சேர்ந்து பாடுகிறார்கள். வரிகளை எழுதியவர் பிரிந்துபோன கணவர் என்பதையும் நினைத்துக்கொண்டு கேளுங்கள். ஒரே பாட்டு பத்து வருஷத்தில் எவ்வளவு வயதாகியிருக்கிறது என்பது அப்போது தெரியும். இந்த ஆல்பத்தின் மையம் எனக்கு இந்தப் பாட்டுதான்.

இதே வழியில் கடைசிப் பாட்டான ‘எ நேச்சுரல் உமன்’ஐயும் கேட்கலாம். 1967இல் அட்லாண்டிக் நிறுவனத்தின் ஜெரி வெக்ஸ்லர், நியூயார்க் தெருவில் காரிலிருந்தபடியே இந்தத் தம்பதியைக் கூப்பிட்டு, பாடகி அரீதா ஃபிராங்க்ளினுக்கு இப்படி ஒரு தலைப்பில் பாட்டு வேண்டும் என்று கேட்டார். அன்றிரவே எழுதினார்கள். தலைப்பு கொடுத்ததற்காக வெக்ஸ்லருக்கும் பாட்டில் பங்கு கிடைத்தது. அரீதாவின் பதிவு ஒரு தேவாலயமே எழுந்து நிற்பதுபோல இருக்கும். கரோல் அதோடு போட்டி போடவில்லை. பியானோ, பேஸ், குரல். அவ்வளவுதான். எழுதிய இரவில் இது எப்படி ஒலித்திருக்குமோ அப்படியே இருக்கிறது. அரீதாவுக்கே என் ஓட்டு, அதில் சந்தேகமில்லை. ஆனாலும் ஆல்பத்தின் கடைசியில் இதை வைத்தது சரியான முடிவு. இதுவரை மற்றவர் குரலில் பேசியவர் தன் குரலில் அதைச் சொல்லி முடிக்கிறார்.

‘இட்ஸ் டூ லேட்’ நீங்கள் எங்காவது கேட்டிருப்பீர்கள். வரிகள் டோனி ஸ்டெர்னுடையவை. ஒரு உறவு முடிந்துவிட்டது. யார் மேலும் குற்றம் இல்லை, முயற்சி செய்து பார்த்தோம், இனி நடிக்க முடியாது என்று ஒரு பெண் அமைதியாகச் சொல்கிறாள். அந்தக் காலத்துப் பிரிவுப் பாட்டுகளில் யாராவது ஏமாற்றியிருப்பார்கள், யாராவது அழுது கெஞ்சுவார்கள். இதில் ரெண்டும் இல்லை. யார் மீதும் குற்றம் நிரூபிக்காமலே விவாகரத்து பெறலாம் என்ற சட்டம் அமெரிக்காவிலேயே முதலாவதாகக் கலிஃபோர்னியாவில் அமலுக்கு வந்தது 1970 ஜனவரி 1 அன்று. அதற்கு அடுத்த வருஷம் அதே மாநிலத்தில் இந்தப் பாட்டு பதிவாகியிருக்கிறது. நேரடித் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. ஆனால் காற்றில் இருந்த ஒன்றை ஸ்டெர்ன் பிடித்துவிட்டார் என்று எனக்குத் தோன்றும்.

இசையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. சரணங்களில் பெரும்பகுதி ஏ மைனர் செவன்த், டி சிக்ஸ்த் என்று இரண்டே கார்டுகள் (சில ஸ்வரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து ஒலிப்பதுதான் கார்டு) மாறி மாறி வருகின்றன. எங்கும் நகராத ஒரு காலைப்பொழுது. பல்லவி தொடங்கியதும் பி ஃபிளாட் மேஜர் செவன்த், எஃப் மேஜர் செவன்த் என்று இதமான இடத்துக்கு மாறிவிடுகிறது. வரிகள் ‘எல்லாம் முடிந்தது’ என்று சொல்லும் அதே நொடியில் இசை தளர்ந்து மூச்சு விடுகிறது. வீட்டில் கீபோர்டோ கிதாரோ இருந்தால் அந்த நான்கு கார்டுகளை வாசித்துப் பாருங்கள், விரலுக்கே புரியும். நடுவில் கார்ச்மாரின் கிதாரும் கர்டிஸ் ஏமியின் சாக்ஸஃபோனும் அவசரமே இல்லாமல் உலாவுகின்றன.

கார்டு பேச்சு வந்ததால் இன்னொன்று. கரோல் அடிக்கடி பயன்படுத்தும் ஒரு வேலை உண்டு. பேஸில் ஜி ஒலிக்கும்போது மேலே வலது கையில் எஃப் மேஜர் கார்டைப் பிடிப்பார். வீடு திரும்பப்போகிறோம் என்று காதுக்குச் சொல்லும், ஆனால் கட்டாயப்படுத்தாது. சாதாரண ஜி செவன்த் கார்டில் இருக்கும் இழுவிசை இதில் பாதிதான். கறுப்பின தேவாலய இசையிலும் சோல் இசையிலும் புழங்குகிற ஒலி இது. கரோலுக்குப் பிறகு பியானோவில் எழுதிய பாப் கலைஞர்கள் எத்தனையோ பேர் இதை எடுத்துக்கொண்டார்கள். ‘பாட்டுகள் இனிமைதான்’ என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அந்த இனிமை இப்படித் தேர்ந்து தேர்ந்து வைத்த கார்டுகளிலிருந்து வருவது.

‘ஸோ ஃபார் அவே’ எனக்கு மிகப் பிடித்தது. ஒரே இடத்தில் யாரும் தங்குவதில்லையே என்ற ஏக்கம். ஜேம்ஸ் டெய்லரின் கிதார் மெல்லக் கூட வருகிறது, ரஸ் கன்கல் டிரம்ஸை வருடுகிறார். நீங்கள் கவனிக்க வேண்டியது லார்க்கியின் பேஸ். கரோல் ஒரு வரி பாடி நிறுத்தும் இடைவெளியில் அது ஏறி வந்து பதில் சொல்லும். அப்புறம் முடிவில் வரும் புல்லாங்குழல். கார்ச்மார், கன்கல் போன்ற அதே ஆட்கள் அதே மாதங்களில் டெய்லரின் ஆல்பத்திலும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கொருவர் பழகிய கைகள் என்பது ஒவ்வொரு தட்டிலும் தெரியும்.

இப்போது ட்ரூபடூரில் டெய்லர் கேட்ட அந்தப் பாட்டு. ‘யூவ் காட் எ ஃப்ரெண்ட்’. டெய்லரின் ‘ஃபயர் அண்ட் ரெய்ன்’ பாட்டில், தனிமையில் ஒரு நண்பனும் கிடைக்கவில்லை என்று ஒரு வரி வரும். அதற்குப் பதிலாக எழுந்த பாட்டு இது என்று கரோல் சொல்லியிருக்கிறார். டெய்லர் தானும் பதிவு செய்யலாமா என்று கேட்டார், கரோல் தயங்காமல் கொடுத்தார். டெய்லரின் பதிவு 1971 ஜூலை கடைசியில் முதலிடத்துக்குப் போனது. தன் கைவசம் இருந்த மிகப் பெரிய வெற்றிப் பாட்டை, தன் ஆல்பம் வெளியாகும் அதே வருஷத்தில், இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுப்பதற்கு மனசு வேண்டும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். டெய்லருடையது பளபளப்பானது, கிதாரில் அழகாக நெய்தது. கரோலுடையதில் டிரம்ஸ் கிடையாது. பியானோ, பேஸ், டெய்லரின் கிதார், கையால் தட்டும் கொங்கா மேளம் கொஞ்சம், நான்கு பேர் கொண்ட தந்திக்குழு. மைனரில் தயங்கித் தொடங்கி, பெயரைச் சொல்லிக் கூப்பிடு என்ற இடத்தில் மேஜருக்கு மாறி வெளிச்சமாகிவிடும். கூப்பிட்டால் வருவேன் என்று அவர் பாடும்போது நம்பத் தோன்றுகிறது. பயிற்சி பெற்ற பெரிய குரல் பாடியிருந்தால் அந்த வாக்கு இவ்வளவு பக்கத்திலிருந்து கேட்டிருக்காது என்பது என் எண்ணம்.

‘வே ஓவர் யான்டர்’ காஸ்பெல் எனும் தேவாலய இசையின் சாயல் கொண்டது. பின்குரல் மெரி கிளேட்டன். ரோலிங் ஸ்டோன்ஸின் ‘கிம்மீ ஷெல்டர்’ பாட்டில் கூரையைப் பிளப்பாரே, அவர்தான். இங்கே அடக்கி வாசிக்கிறார். அதில் சாக்ஸஃபோன் வாசிக்கும் கர்டிஸ் ஏமி அவருடைய கணவர். ‘பியூட்டிஃபுல்’ பாட்டு நியூயார்க் சுரங்க ரயிலில் பயணம் செய்தபோது தோன்றியது. நாம் எந்த மனநிலையில் இருக்கிறோமோ அதையே எதிரில் இருப்பவர் முகத்திலும் பார்க்கிறோம் என்ற எண்ணத்திலிருந்து பிறந்தது என்பார். வரிகளைக் காகிதத்தில் படித்தால் அறிவுரை மாதிரி இருக்கும். பியானோவின் வேகம் அதைக் காப்பாற்றுகிறது.

பலவீனமானவையும் உண்டு. ‘ஸ்மாக்வாட்டர் ஜாக்’ துப்பாக்கிக்காரன் கதை சொல்லும் துள்ளல் பாட்டு. காஃபினின் வரிகள், நல்ல தாளம், ஆனால் மற்ற பதினொன்றும் இருக்கும் வீட்டில் இது வாடகைக்கு வந்த ஆள். ‘வேர் யூ லீட்’ மெட்டு அருமை. நீ எங்கே போனாலும் பின்னாலேயே வருவேன் என்று ஒரு பெண் ஆணிடம் சொல்லும் வரிகள் பின்னாளில் கரோலுக்கே உவக்கவில்லை. மேடையில் பாடுவதை நிறுத்தியிருந்தார். 2000இல் ‘கில்மோர் கர்ல்ஸ்’ தொலைக்காட்சித் தொடருக்காகத் தாயும் மகளும் ஒருவருக்கொருவர் சொல்வதாக வரிகளை மாற்றி, தன் மகள் லூயிஸோடு சேர்ந்து பாடினார். அந்த வடிவம்தான் எனக்கும் பிடிக்கும்.

அட்டைப்படத்தையும் பாருங்கள். ஜிம் மெக்ரேரி எடுத்த படம். லாரல் கேன்யன் வீட்டின் ஜன்னலோரம், வெறுங்காலோடு, ஜீன்ஸும் ஸ்வெட்டருமாக, கையில் தானே தைத்த துணிச்சித்திரத்தோடு உட்கார்ந்திருக்கிறார் கரோல். முன்னால் டெலிமக்கஸ் என்ற அவருடைய பூனை. முகப்பூச்சு இல்லை, மேடை விளக்கு இல்லை. உள்ளே இருக்கும் ஒலியும் இதேதான். அந்த வருஷம் இதை வாங்கிய பெண்களுக்கு, இசைத்தட்டு அட்டையில் தங்களைப் போல ஒருத்தி இருப்பதே புதுசு.

வெற்றியின் அளவையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்ட புகழுக்கு அதுவும் ஒரு காரணம். 1971 ஜூன் 19 அன்று பில்போர்ட் ஆல்பப் பட்டியலில் முதலிடம் வந்து 15 வாரம் அங்கேயே இருந்தது. அதே நாளில் ‘இட்ஸ் டூ லேட்’டும் பாட்டுப் பட்டியலில் முதலிடம், ஐந்து வாரம். 1972 கிராமி விழாவில் ஆண்டின் ஆல்பம், ஆண்டின் இசைப்பதிவு, ஆண்டின் பாடல், சிறந்த பெண் பாப் குரல் என நான்கு விருதுகள். ஆண்டின் பாடல் விருதை வாங்கிய முதல் பெண் அவர். சாதாரணக் குரல் என்று நாம் பேசிக்கொண்டிருக்கும் குரலுக்குத்தான் அந்த நான்காவது விருது. விழாவுக்கு அவர் போகவில்லை, டிசம்பரில் பிறந்த குழந்தையோடு வீட்டில் இருந்துவிட்டார். அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிகளைத் தாண்டி விற்ற ஆல்பம் இது. 2003இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்த்தார்கள். ஆல்பம் முழுவதையும் வரிசையாக மேடையில் கரோல் முதன்முதலாக வாசித்தது 2016 ஜூலையில், லண்டன் ஹைட் பார்க்கில், 74 வயதில்.

எப்படிக் கேட்பது என்று கேட்டீர்கள். ஹெட்ஃபோனில், குறைந்த ஒலியில், இரவில் கேளுங்கள் என்பேன். மொத்தம் 45 நிமிடத்துக்கும் குறைவுதான். முதல் தடவை ஷிரெல்ஸ், அரீதா, டெய்லர் மூவரின் பதிவுகளையும் கரோலின் பதிவுகளுக்கு முன்னால் வைத்துக் கேளுங்கள். அடுத்த தடவை குரலை விட்டுவிட்டு இடது கை பியானோவையும் லார்க்கியின் பேஸையும் மட்டும் பின்தொடருங்கள். பிடித்துப்போனால், 1971 ஜூனில் கார்னகி ஹாலில் அவர் நடத்திய கச்சேரியின் பதிவு 1996இல் வெளிவந்தது, அதைத் தேடுங்கள். பெரும்பகுதி அவர் தனியாகப் பியானோவில். கடைசியில் டெய்லர் வந்து சேர்ந்துகொள்கிறார். அதற்குப் பிறகு 2012இல் வந்த ‘தி லெஜண்டரி டெமோஸ்’. ஆட்லர் திருப்பி வாங்க முடியாமல் திண்டாடிய பதிவுகள் எப்படி இருந்தன என்பதை அதில் கேட்கலாம். ‘டாபெஸ்ட்ரி’யில் இருக்கும் பாட்டுகள் சிலவற்றின் டெமோவும் அதில் உண்டு. ‘எ நேச்சுரல் உமன்’ டெமோவையும் ஆல்பத்தின் கடைசிப் பாட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே எவ்வளவு குறைவாக மாற்றியிருக்கிறார்கள் என்பதில் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது.